குரும்பகரத்தில் நான் ஏன் நின்றேன்

அன்புள்ள மதிக்கு,

புதுச்சேரியிலிருந்து நீ போட்ட கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தபால்காரர் கையில் கொடுப்பதற்கு முன்னாலேயே "பம்பாய் வேலை என்னாச்சுண்ணே?" என்று கேட்டார். உன் விவகாரம் ஊரில் என்னைவிட அவருக்குத்தான் அதிகம் தெரிகிறது. கண்ணாடியைத் தேடி எடுத்து உன் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அப்பாவுக்கு முட்டி வலி, அம்மாவுக்குச் சர்க்கரை, இந்த நிலைமையில் உங்களை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போக மனசு வரவில்லை, கம்பெனியில் பதினைந்தாம் தேதிக்குள் பதில் கேட்கிறார்கள், வரவில்லை என்று எழுதிவிடப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். கேட்டு முடித்ததும் உன் அம்மா "நல்ல புள்ள" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "நல்ல புள்ளதானங்க?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். நாலு நாளாக யோசித்துவிட்டு இன்றைக்குத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன் எழுதுகிற கடிதம், பிழையிருந்தால் பொறுத்துக்கொள். விஷயத்தில் பிழை இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன். பத்து வருஷமாக விஷயத்திலேயே ஒரு பிழையோடுதான் உன் முன்னால் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

நம் ஊரில் நடந்த மாரத்தான் உனக்கு ஞாபகம் இருக்கும். பெரிய புயல் அடித்து இரண்டு வருஷம் கழிந்து வந்த தை மாதம். நீ ஏழாவது படித்துக்கொண்டிருந்தாய். அன்று நான் பாதியில் ஓட்டத்தை விட்டுவிட்டு வாய்க்கால் உடைப்பை அடைத்ததாக ஊர் சொன்னது, உன் பள்ளிக்கூடம் சொன்னது, நீயும் சொல்லிக்கொண்டு திரிந்தாய். அந்தக் கதையில் நீ அறியாத பாகம் ஒன்று இருக்கிறது. உன் பம்பாய்க் கடிதத்துக்கு நான் பதில் எழுத வேண்டுமென்றால் அதைச் சொல்லாமல் முடியாது போலிருக்கிறது.

நான் எப்படி ஓட்டக்காரன் ஆனேன் என்பதே வேடிக்கை. வாய்க்கால் லஸ்கருக்கு ஓட வேண்டும் என்று எந்த உத்தரவிலும் கிடையாது. மதகைத் திற, மூடு, கரையில் எலி வளை இருக்கிறதா பார், எவனாவது கரையை வெட்டினால் மேலே சொல், அவ்வளவுதான் வேலை. ஆனால் ஐப்பசி மழையில் மேல் மதகில் தண்ணீர் ஏறினால் கீழ் மதகைத் திறக்க யாராவது முன்னாலேயே போய்ச் சேர வேண்டும். டெலிபோன் கிடையாது. களிமண் கரையில் சைக்கிள் போகாது, சைக்கிளை நாம்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஆகவே ஓடினேன். தண்ணீர் ஒரு பக்கம் வரும், நான் அதற்கு முன்னால் ஓடுவேன். இருபது வருஷம் ஓடியதில் கால் பழகிவிட்டது. எவ்வளவு தூரம் ஓடுகிறேன், மணிக்கு எத்தனை மைல் என்று யார் கேட்டாலும் தெரியாது. எனக்குத் தெரிந்த அளவெல்லாம் மதகுக் கணக்குதான். அதனால் மாரத்தான் நோட்டீஸைச் சுவரில் பார்த்ததும் ஒரே ஓர் ஆசைதான் வந்தது. நான் எவ்வளவு தூரத்துக்கான ஆள்? வாய்க்கால் இல்லாமல், தண்ணீர் துரத்தாமல், வெறுமனே ஓடச் சொன்னால் எதுவரை ஓடுவேன்? அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அப்படி ஒரு துடிப்பு. அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. உன் அம்மாவின் ஆர்வம் வேறு. முதல் பரிசு கைக்கடிகாரம், இரண்டாம் பரிசு டிரான்சிஸ்டர், மூன்றாம் பரிசு எவர்சில்வர் குடம். "மொதலாவதா ரெண்டாவதா வந்து தொலைச்சிடாதீங்க, மூணாவதா வாங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

மாரத்தான் என்றால் இருபத்தாறு மைல் சொச்சம் வேண்டுமாம். நடத்திய பையன்கள் ஜீப்பை வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். நம் ஊரை எந்தப் பக்கம் இழுத்துப் பிடித்தாலும் அவ்வளவு வரவில்லை. இன்னும் கொஞ்சம் ஓடவிட்டால் புதுச்சேரி மாநில எல்லை முடிந்து தமிழ்நாடு. அங்கே வேறு போலீஸ், வேறு அனுமதி. கடைசியில் கடற்கரையில் புறப்பட்டு, நெடுங்காடு, குரும்பகரம் வழியாக எல்லைக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் வைத்திருக்கும் தார் டிரம்மைச் சுற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பி வருவது, பதினாறு மைல், என்று முடிவு செய்துவிட்டு நோட்டீஸில் மட்டும் மாரத்தான் என்றே விட்டுவிட்டார்கள். ஓட்டத்துக்காக இரண்டு நாள் முன்னாலேயே லீவு போட்டேன். காலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். அந்த இரண்டு நாளும் மழை பெய்தது. கதிர் முற்றி அறுப்புக்கு நிற்கிற நேரத்தில் தை மழை. நான் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு படுத்திருந்தேன். லஸ்கர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து மழை நேரத்தில் நான் வாய்க்காலைப் பார்க்காமல் இருந்தது அந்த இரண்டு நாள்தான்.

ஓட்டத்தன்று மானம் கருதி உன் அம்மா வாங்க வைத்த கேன்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டேன். நெடுங்காடு வருவதற்குள் இரண்டு குதிகாலும் உரிந்துவிட்டது. கழற்றி, கயிற்றால் முடிந்து, கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு ஓட்டம் வாய்க்கால் ஓட்டமாகிவிட்டது. அப்படி ஒரு சுகம், மதி. நாற்பது பேருக்கு மேல் ஓடினோம். பாதிப்பேர் காலேஜ் பையன்கள், மீதி கருக்களாச்சேரி, பட்டினச்சேரி மீனவப் பிள்ளைகள். அப்பா வயசுக்காரன் நான் ஒருவன்தான். குரும்பகரத்தைத் தாண்டும்போது நெஞ்சு நிறைய மூச்சு இருந்தது. வயலில் நின்றவர்களைப் பார்த்துக் கையை ஆட்டினேன். எல்லையில் டிரம் பக்கத்தில் சாராயக்கடை. அந்தப் பக்கம் மதுவிலக்கு இருந்த காலமாகையால் காலை ஏழு மணிக்கே வாடிக்கைக்காரர்கள் அங்கிருந்து நடந்து வந்து சேர்ந்திருந்தார்கள். எங்களுக்கு வாய்த்த ஒரே ரசிகர் கூட்டம் அதுதான். "பெரியவரே, இவ்ளோ தூரம் ஓடி வந்துட்டு சும்மா திரும்புறீங்களே!" என்று ஒருவன் கத்தினான். சிரித்துக்கொண்டே டிரம்மைச் சுற்றினேன். எவனோ எண்ணிச் சொன்னான், "பதிமூணாவது ஆளு!"

திரும்பி ஒரு மைல் வந்திருப்பேன், வலது முட்டி பிடித்துக்கொண்டது. சாதாரணப் பிடிப்பு இல்லை. ஒவ்வோர் எட்டுக்கும் உள்ளே ஆணி அடிப்பது போல. கருக்களாச்சேரிப் பையன் ஒருவன் "மாமா, ஓரமா வாங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போனான். அவன் பின்னால் இரண்டு பேர். பிறகு நாலு பேர். பதிமூன்று இருபதாகிவிட்டது என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே நொண்டிக்கொண்டு குரும்பகரத்துக்கு வந்தேன். அங்கே சாலையோர வாய்க்காலில் கரை ஒரு முழ அகலத்துக்கு வெட்டுப்பட்டுக் கிடந்தது. தண்ணீர் ஹோவென்று வடிகாலில் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு மண்வெட்டி. ஆள் யாரும் இல்லை.

நான் நின்றேன். நின்றது மட்டுமில்லை, "அடப் பாவிங்களா!" என்று சத்தமும் போட்டேன். சரிவில் இறங்கி, மண்வெட்டியை எடுத்து, புல்லோடு மண்ணைக் கரணையாக வெட்டிப் போட்டு, காலால் மிதித்து, இடுப்பு மட்டும் சேறாக வேலை செய்தேன். தண்ணீர்ப் பானையோடு சைக்கிளில் வந்த தொண்டர் பையன் பார்த்துவிட்டு, "என்னண்ணே, நின்னுட்டீங்க?" என்றான். "உடைப்புடா தம்பி! தண்ணி போவுது, நான் எங்கேருந்து ஓடுறது?" என்றேன். அவன் கண்ணெல்லாம் கலங்கி, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு டவுனுக்கே பறந்துவிட்டான். இதுவரைக்கும் உனக்குத் தெரியும். அவன் சொல்லித்தான் ஊரே கேட்டது.

அவன் போன பிறகு நடந்ததைக் கேள். அடைத்து முடித்து நிமிர்ந்தேன். எதிர்க்கரையில் வைத்திலிங்கம் நின்றுகொண்டிருந்தார். அங்கே அரை வேலி நிலம் சாகுபடி செய்கிறவர். காலைக் கஞ்சி குடித்துவிட்டு வாயைக் கழுவிக்கொண்டு வந்த ஈரம்கூடக் காயவில்லை.

"யோவ் லஸ்கரு, என்னய்யா பண்ற?"

"உடைப்ப அடைக்கிறேன். நீங்கள்லாம் பாத்துக்கிட்டு சும்மா இருக்கிய!"

"உடைப்பா? நாங்கதான்யா வெட்டுனோம்! ரெண்டு நாளு மழைல வாய்க்கா ரொம்பி வயல்ல ஏறுது, கதிரு பூரா படுத்துக் கெடக்கு. நேத்தே ஒங்க மேஸ்திரிகிட்ட சொல்லி, அவரு பாத்து, சரி வெட்டுங்கன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. ஒனக்குத் தெரியாதா?"

"நான் லீவுல்ல இருந்தேன்" என்றேன். சொல்லும்போதே எனக்குக் கேவலமாக இருந்தது.

"சரி, தெரியல. காலைல ஆறு மணிக்கு வெட்டுனது. நீ போவயில நாங்க அஞ்சு பேரு இங்கதான நின்னோம்? தண்ணி அப்பவும் ஊத்திக்கிட்டுத்தான இருந்துச்சு? எங்களப் பாத்து கைய ஆட்டிட்டுத்தான போன! அப்ப ஒனக்கு அது உடைப்பாத் தெரியலயா?"

மதி, இந்த வாழ்க்கையில் என்னை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். அந்தக் கேள்வி மாதிரி எதுவும் என்னைப் பிடித்து நிறுத்தவில்லை. அவர் சொன்னது நிஜம். போகும்போதும் அந்த வெட்டு அங்கே இருந்தது. தண்ணீர் விழுகிற சத்தம் என் காதிலும் விழுந்தது. இருபது வருஷம் அந்தச் சத்தத்துக்குத் தூக்கத்தில்கூட எழுந்திருக்கிறவன், அன்று காலை அதைக் கேட்டுக்கொண்டே கையை ஆட்டிவிட்டு ஓடியிருக்கிறேன். திரும்பி வரும்போது முட்டி பிடித்த பிறகுதான் அது எனக்கு உடைப்பாகியிருக்கிறது.

அடைத்ததை வைத்திலிங்கமே திரும்ப வெட்டிவிட்டார். நான் வீணாக்கிய அரைமணி நேரத்தில் இன்னும் இரண்டு பாத்தியில் தண்ணீர் ஏறிவிட்டது. அப்போது ஜீப் வந்தது, தொண்டர் பையன்களோடு. என்னைத் தூக்காத குறையாக ஏற்றினார்கள். இடுப்பு வரை சேறு இருந்ததால் முட்டி வீங்கியிருந்தது யார் கண்ணுக்கும் படவில்லை. வைத்திலிங்கம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். அவர் என்னைப் பார்த்தார், பையன்களைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கடற்கரையில் நீயும் அம்மாவும் நின்றிருந்தீர்கள். முதலில் வந்தவனுக்குத் தட்டியதைவிட எனக்கு அதிகமாகக் கை தட்டினார்கள். மூன்றாவதாக வந்த பையன் பெருந்தன்மையாகக் குடத்தை எனக்கே கொடுக்கச் சொன்னான். உன் அம்மாவின் முகத்தைப் பார்த்தாயா அன்றைக்கு? நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கலாம் என்று நினைத்தேன், அதற்குள் நீ ஓடி வந்து என் சேற்றுக் கையைப் பிடித்துக்கொண்டாய். அதையும் ஒரு காரணமாக வைத்துக்கொண்டேன் பார்.

அங்கே ஒரே ஓர் ஆள் கை தட்டவில்லை. கடிகாரத்தோடு நேரம் குறித்துக்கொண்டிருந்த சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், எந்தெந்த தேசத்திலோ நடந்து தேய்ந்த கால். என் பேருக்கு நேரே ஏதோ பிரெஞ்சில் எழுதினார். என்னவென்று கேட்டேன். "பாதியில விட்டவன்னு அர்த்தம். கோச்சுக்காதே, ஒன்பது பேருக்கு அதான் எழுதியிருக்கேன்" என்றார். பிறகு பக்கத்தில் யாரும் இல்லாததைப் பார்த்துவிட்டு, மெதுவாக, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற மாதிரி கேட்டார். "ஒண்ணு சொல்லு. தண்ணியப் பாத்தப்புறம் கால் வலிச்சுதா, கால் வலிச்சப்புறம் தண்ணியப் பாத்தியா?" நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். "பட்டாளத்துல எங்களுக்கும் இப்படித்தான். நடக்க முடியலன்னா எவனாவது அடிபட்டவனத் தேடுவோம், தூக்கிட்டுத் திரும்பி வரலாம்ல" என்றார்.

அடுத்த வாரம் வைத்திலிங்கம் ஆள் விட்டார். போனேன். "ஊர்ல ஒன்ன பெரிய ஆளுங்குறான், நான் எதுக்கு அதக் கெடுக்கணும்? ஆனா படுத்த கதிர அறுக்க ஆளு கெடைக்கல. நீ வந்து கட்டு தூக்கு" என்றார். இரண்டு நாள் தூக்கினேன், அதே முட்டியோடு. நெடுங்காட்டில் மதகு ரிப்பேர் என்று உங்களிடம் சொல்லிவிட்டுப் போனேனே, அது இதுதான். தோளில் இருந்த காயத்துக்கு நீ தேங்காயெண்ணெய் தடவினாய். அதே வாரம்தான் உன் ஹெட்மாஸ்டர் காலைப் பிரேயரில் என் கதையைச் சொல்லி, உன்னை எழுந்து நிற்க வைத்தார் என்று ஓடி வந்து சொன்னாய். அன்றாவது உன்னை உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். மகன் நிமிர்ந்து நிற்கும்போது எந்த அப்பனுக்குச் சொல்ல வாய் வரும், நீயே சொல்.

அதிலிருந்து எனக்கு ஒரு பைத்தியம் பிடித்துக்கொண்டது, ஆராய்ச்சிப் பைத்தியம். நான் ஒரு வேலையை விடும்போதெல்லாம் எது முதலில் வந்தது, காரணமா, வலியா என்று கவனிக்க ஆரம்பித்தேன். பழைய கணக்கையும் தோண்டினேன். மேஸ்திரி ஆவதற்கான டிபார்ட்மெண்ட் பரீட்சை ஒரு வருஷம் வந்ததே, நான் எழுதவில்லை. உன் தங்கைக்குக் காது குத்து என்று எல்லாரிடமும் சொன்னேன். காது குத்து நாளைக் குறித்தவன் நான்தான், பரீட்சைத் தேதி தெரிந்த பிறகு. கணக்குப் பேப்பர் என்றால் எனக்குப் பயம், அவ்வளவுதான் விஷயம். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற அளவுக்கு இது பெரிய குற்றம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஆச்சரியமாக இருக்கிறது. ஒரு மனுஷன் தன்னிடமே இவ்வளவு சாமர்த்தியமாகப் பொய் சொல்ல எங்கே கற்றுக்கொள்கிறான்? எனக்கு வேறு எதிலும் இவ்வளவு சாமர்த்தியம் இருந்ததில்லையே.

ஓட்டத்தில் தோற்றது எனக்கு ஒரு வருத்தமே இல்லை. நொண்டிக்கொண்டு நாற்பதாவதாக வந்திருந்தால்கூட, இல்லை சாலையோரத்தில் விழுந்து கிடந்திருந்தால்கூட, இவ்வளவுதான் என் தூரம் என்று தெரிந்திருக்கும். அதைத் தெரிந்துகொள்ளத்தானே போனேன்? குரும்பகரத்தில் நான் நின்றதால் அது எனக்குக் கடைசி வரை தெரியாமலே போய்விட்டது. இன்றைக்கு இந்த முட்டியை வைத்துக்கொண்டு போய்ப் பார்க்கவும் முடியாது.

இப்போது உன் விஷயம். கோபப்படாமல் படி. என் முட்டி வலி இந்த வருஷம் வந்ததில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பது நீ டிப்ளமா படிக்கும்போதே தெரியும். ஆறு மாதத்துக்கு முன்னால் புதுச்சேரியிலிருந்து பம்பாய்க்கு நீ விண்ணப்பம் போட்டபோதும் நாங்கள் இதே நோயோடுதான் இருந்தோம். அப்போது எங்களைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டுத்தான் போனாய். ஆர்டர் கையில் வந்த பிறகு நாங்கள் உனக்கு உடைப்பாகத் தெரிகிறோம். இப்படி எழுதுவதால் உன் பாசத்தைச் சந்தேகப்படுகிறேன் என்று எண்ணாதே. அது உண்மையாகவே இருக்கலாம், நான் எப்படி உன் மனசுக்குள் புகுந்து பார்ப்பது? நீதான் பார்க்க வேண்டும். ஒன்று செய்து பார். எனக்கும் அம்மாவுக்கும் ஒரு நோயும் இல்லை, உன் தங்கை பக்கத்துத் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டு எங்களைக் கவனித்துக்கொள்கிறாள், நாளைக்கு ரயில் என்று வைத்துக்கொள். கண்ணை மூடி ஒரு நிமிஷம் உட்கார். மனசு என்ன சொல்கிறது? எனக்கு ரொம்பத் தெரிந்துகொள்ள ஆசை. பயம் என்றால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பாஷை தெரியாத ஊர், தெரியாத மிஷின், நாலு பேர் ஒரே அறையில் படுக்கை. பயப்படாவிட்டால்தான் ஆச்சரியம்.

இதையெல்லாம் எழுதுவதற்கு முன்னால் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், குடத்துக் கதை உட்பட. அவள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, "கட்டு தூக்கப் போனப்பவே எனக்குத் தெரியும். எந்த மதகு ரிப்பேர்ல தோள்ல வைக்கோல் ஒட்டும்?" என்றாள். பத்து வருஷம் தெரிந்தே இருந்திருக்கிறாள் பார். உன் கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். "எனக்காகத்தான் இருக்கேன்னு அவன் எழுதுனா, அவன் இருக்குற வரைக்கும் நான் நோயாளியாவே இருக்கணுமா? கொஞ்சம் நல்லா நடமாடுனாக்கூட அவனுக்குத் துரோகம் பண்ண மாதிரி ஆயிடுமே" என்றாள். எட்டாம் வகுப்புகூடப் படிக்காதவள். நான் நாலு நாளாகத் தேடியதை அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டுப் பாத்திரம் விளக்கப் போய்விட்டாள்.

என் பக்கத்து நிஜத்தையும் சொல்லிவிடுகிறேன். நீ இங்கேயே வந்து இருந்துவிட்டால் எனக்குச் சந்தோஷம்தான். சாயங்காலம் பேச ஆள் கிடைக்கும். அது என் ஆசை. அதைக் கம்பெனிக்கு எழுதுகிற கடிதத்தில் காரணமாகப் போடாதே. பயமாக இருக்கிறது, போக விருப்பமில்லை என்றால் அப்படியே எழுதிவிட்டு வா. நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன், தபால்காரர் கேட்டால் நானே அவரிடம் அப்படியே சொல்லிக்கொள்கிறேன். பயமாக இருக்கிறது, ஆனாலும் போய்த்தான் பார்ப்போமே என்று தோன்றினால் நானும் கூட வருகிறேன். திருச்சிக்கு அந்தப் பக்கம் நான் போனதே இல்லை. இரண்டு ராத்திரி ரயிலாம், நினைத்தாலே எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. அவ்வளவு பெரிய ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அதை யார் திறந்து யார் மூடுகிறார்கள் என்று பார்க்கவும் ஆசையாக இருக்கிறது. உன்னை அறையில் விட்டுவிட்டு, ஒரு நாள் சுற்றிப் பார்த்துவிட்டு, தனியாகவே திரும்பி வந்துவிடுவேன். அம்மாவிடம் கேட்டேன். "ரெண்டு பேரும் கெளம்புங்க, ஒரு வாரம் வீடு நிம்மதியா இருக்கும்" என்கிறாள்.

பதினைந்தாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. டிக்கெட் ஒன்றா, இரண்டா, வேண்டவே வேண்டாமா என்று ஒரு கார்டு போடு. மூன்றில் எதுவானாலும் சரி, காரணத்தை மட்டும் உன் பேரிலேயே எழுது.

இப்படிக்கு,
பதிமூன்றாவதாக ஓடி வந்துகொண்டிருந்த
உன் அப்பா